ஜெர்மன் உதைபந்தாட்டக்காரர் ஓசிலுக்கு மட்டும் ஏன் பூர்வீகம் எழுதுகிறார்கள்? மகனின் கேள்விக்கு என்ன பதில் சொல்ல?

ரூர்க்கரையான்:

வணக்கம். நான் 1987ல் ஜெர்மனிக்கு வந்தவன். டோட்முண்டுக்கும் கெல்சன்கிர்ஷனுக்கும் இடையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பகலில் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை. அதோடு பதினொரு வருடம் விடியப்புறம் பேப்பர் போட்டேன். மூன்று மணிக்குக் கட்டு வந்து இறங்கும். அவிழ்த்து வண்டிலில் அடுக்கி ஆறு மணிக்குள் எல்லாப் பெட்டிக்குள்ளும் போட்டு முடிக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் முன்னால் முதல் பக்கத்தைப் பார்க்கிற ஆள் நான்தான். நான் ஜெர்மன் படித்ததே அந்தத் தலைப்புகளில்தான் என்று மனைவி பகிடி பண்ணுவா.

இப்போது இடுப்பு நோ விடாது. கிழமைக்கு ஒரு நாள் இலவச விளம்பரப் பத்திரிகை மட்டும் போடுகிறேன். அதன் கடைசிப் பக்கங்களில் உள்ளூர் உதைபந்தாட்டச் செய்தி வரும். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

என் மகனுக்கு 15 வயது. இங்கேயே பிறந்தவன். ஊர்க் கழகத்தின் இளையோர் அணியில் நடுக்களத்தில் விளையாடுகிறான். போன மாதம் ஒரு ஆட்டத்தில் இவனும் எதிரணிப் பெடியன் ஒருவனும் தள்ளுமுள்ளுப்பட்டு இரண்டு பேருக்கும் சிவப்பு அட்டை. பிழை இவனில்தான் கூட, அதை மறைக்கவில்லை. ஆனால் பத்திரிகையில் வந்த நாலு வரியில் அந்தப் பெடியன் வெறும் 'தடுப்பாட்டக்காரர்'. என் மகன் 'இலங்கைப் பூர்வீகம் கொண்ட நடுக்கள வீரர்'. அந்தப் பத்திரிகையை இருநூற்றுச் சொச்சம் வீட்டுப் பெட்டிக்குள் என் கையாலேயே போட்டுவிட்டு வந்து, தேத்தண்ணி குடிக்கும்போதுதான் வாசித்தேன்.

மகன் சத்தம் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் பத்து நிமிடம் பேசுவதற்கு ஒரு தலைப்பு எடுக்க வேண்டியிருந்தது. துருக்கியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையான மெசுட் ஓசில் ஜெர்மன் தேசிய அணியை விட்டு விலகியதை எடுத்தான். எங்கள் நிலக்கீழ் அறையில் 2010, 2014, 2018 உலகக் கிண்ண நாட்களின் பேப்பர்கள் கொஞ்சம் கிடக்கின்றன. மிஞ்சின பிரதிகளை எறிய மனம் வராமல் நான் வைத்தவை. அவற்றை மூன்று நாள் நிலத்தில் பரப்பிப் போட்டுக்கொண்டு இருந்தான். அப்புறம் வந்து கேட்டான்.

"அப்பா, ஓசிலோட ஜெர்மன் அணியில் விளையாடின க்ளோச பிறந்தது போலந்தில். போடோல்ஸ்கி பிறந்ததும் போலந்தில். ஓசில் பிறந்தது கெல்சன்கிர்ஷனில், எங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலம். பூர்வீகம் யாருக்கு எழுத வேணும்?"

இன்னொன்றும் கேட்டான். 2010ல் ஓசிலுக்குப் பாம்பி விருது கொடுத்தார்கள். கொடுத்தது ஒரு பெரிய பத்திரிகை நிறுவனம். என்னத்துக்கு விருது? 'ஒருங்கிணைவு'க்கு. "பிறந்த ஊரோட ஒருங்கிணைஞ்சதுக்கு விருதா?" என்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

ஓசிலின் அறிக்கை 2018 ஜூலை 22, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கள் விடிய நான் கட்டை அவிழ்த்தபோது முதல் பக்கத்தில் அவருடைய முகம்தான். வெல்லும்போது தான் ஜெர்மன், தோற்கும்போது குடியேறி என்று அவர் எழுதியதை நான் தெருவிளக்கு வெளிச்சத்தில் வாசித்தேன். சில ஜெர்மன் பேப்பர்கள் தன் ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை, அணியின் ஆட்டத்தைக்கூடக் குறை சொல்லவில்லை, தன் துருக்கிப் பூர்வீகத்தைத்தான் குறை சொல்லின என்றும் அதில் இருந்தது. அன்றைக்கு ஒரு தெரு பிந்திவிட்டது. ஒரு கிழவி யன்னலால் எட்டிப் பார்த்து ஏசினா.

மகனுக்கு நான் என்ன சொல்ல? எல்லாப் பேப்பரும் தனக்கு எதிரி என்று நினைத்து அவன் வளர வேண்டாம். நானே பேப்பரில் சோறு தின்றவன். 'ஒன்றுமில்லை, விடு' என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சுதா_வெம்பிளி:

அண்ணை, உங்கள் மகனை இங்கிலாந்தின் கறுப்பின வீரர் ரஹீம் ஸ்டெர்லிங்கின் 2018 டிசம்பர் இன்ஸ்டாகிராம் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடப் பேச்சுக்கு அதைவிட நல்ல சாமான் கிடைக்காது.

ஸ்டெர்லிங் எங்கள் பக்கத்துப் பெடியன். ஜமெய்க்காவில் பிறந்து ஐந்து வயதில் லண்டன் வந்து, வெம்பிளி மைதானம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வளர்ந்தவர். தாய் ஹோட்டல்களில் துப்புரவு வேலை செய்தா. பள்ளிக்கூடத்துக்கு முதல் விடியப்புறம் தாயோடு போய் உதவி செய்ததை அவரே எழுதியிருக்கிறார். உங்கள் மூன்று மணிக் கதையை வாசித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

செல்சி மைதானத்தில் அவரைப் பார்த்துச் சிலர் இனவெறியோடு கத்திய அடுத்த நாள், இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டார். இரண்டும் ஒரே பத்திரிகையின் இணையத்தளத்தில் வந்தவை. டோசின் அடராபியோயோ, கறுப்பர். ஃபில் ஃபோடன், வெள்ளையர். இரண்டு பேரும் மான்செஸ்டர் சிட்டியின் இளம் வீரர்கள், இரண்டு பேரும் தாய்க்கு வீடு வாங்கினார்கள். அடராபியோயோ தலைப்பில் வயது, கிழமைக்கு 25,000 பவுண் சம்பளம், 22.5 லட்சம் பவுண் மாளிகை, 'பிரிமியர் லீக் ஆட்டம் ஒன்றைக்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடாதபோதும்' என்ற குத்தல் எல்லாம் இருக்கும். தாய் அங்கே இல்லை. ஃபோடன் தலைப்பில் இளம் நட்சத்திரம் தாய்க்கு 20 லட்சம் பவுணில் புது வீடு வாங்கினார், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிறகுதான் உறைத்தது ஒன்று. ஃபோடன் பிரிமியர் லீக் ஆட்டம் ஒன்றை முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்து ஆடியது 2019 ஏப்ரலில்தான். அதாவது அந்த வீட்டுச் செய்தி வந்தபோது அவரும் ஒன்றும் தொடங்கியிருக்கவில்லை! அதே குத்தலை அவருக்கும் எழுதியிருக்கலாம். ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு தலைப்பிலும் ஒரு பொய்கூட இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஸ்டெர்லிங்கின் காலில் துப்பாக்கி பச்சை குத்தியதை அதே வருடம் மே மாதம் 'தி சன்' முதல் பக்கத்தில் போட்டு ஊரைக் கூட்டியது. அவருக்கு இரண்டு வயதில் தகப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார், வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்தவர், வலது காலால் அடிப்பவர், அதனால் அந்தக் காலில் குத்தினார். அவரிடம் ஒரு வார்த்தை முதலில் கேட்டிருந்தால் செய்தியே வேறு.

என் மூத்தவன் அந்த வருடம் முழுக்க ஸ்டெர்லிங் ஷேர்ட்டைக் கழற்றவில்லை. தோய்க்கக் கேட்டாலும் தரமாட்டான்.

கோவை மணி:

சார், உங்கள் பையனுக்கு நடந்தது தப்பு. ஆனால் ஓசில் விஷயத்தை அப்படியே அதோடு சேர்க்க எனக்கு ஒப்பவில்லை.

2018 மே மாதம் லண்டனில் ஓசிலும், அவரைப் போலவே துருக்கிப் பூர்வீகம் கொண்ட சக ஜெர்மன் வீரர் குண்டோகனும் துருக்கி அதிபர் எர்டோகனோடு நின்று படம் எடுத்தார்கள். ஜூன் 24ல் துருக்கியில் தேர்தல். குண்டோகன் கொடுத்த சட்டையில் 'என் அதிபருக்கு மரியாதையுடன்' என்ற மாதிரி எழுதியிருந்தது. பத்திரிகையாளர்களைச் சிறையில் போட்ட அரசு அது. அதே பூர்வீகம் கொண்ட இன்னொரு ஜெர்மன் வீரர் எம்ரே ஜானையும் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. ஆக, போகாமல் இருக்க முடியும். தேசிய அணி வீரர் இன்னொரு நாட்டுத் தேர்தல் நேரத்தில் இப்படி நின்றால் பத்திரிகை கேட்கத்தான் செய்யும். 2019ல் ஓசில் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் யார்? அதே எர்டோகன்.

அந்த உலகக் கோப்பையில் ஜெர்மனி மெக்சிகோவிடமும் தென் கொரியாவிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. யாரையாவது திட்டத்தான் செய்வார்கள். வெறும் இனவெறிதான் காரணம் என்றால், அதே படத்தில் நின்ற குண்டோகன் பின்னால் கேப்டன் ஆகி 2024 யூரோவில் அணியை நடத்தியது எப்படி?

ரூர்க்கரையான்:

மணி தம்பி, படத்தைப் பற்றி நீங்கள் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து எனக்கே கடுப்பு வந்தது. அரசுகளோடு நின்று படம் எடுப்பது என்ன என்று எங்கள் சனத்துக்குத் தெரியாததா? உங்கள் பதிவை மகனுக்கு வாசித்துக் காட்டினேன், எம்ரே ஜான் விஷயத்தைப் பேச்சில் சேர்த்துக்கொண்டான்.

ஆனால் ஓசில் தேசிய கீதம் பாடவில்லை என்ற முறைப்பாடு அந்தப் படத்துக்குப் பல வருடம் முன்னாலேயே தொடங்கியது. கீதம் ஒலிக்கும்போது தான் பிரார்த்தனை செய்வதாக அவர் சொல்லியும் விடவில்லை. 2018 கோடையில் லோதார் மத்தேயுஸ் ரஷ்யாவில் புட்டினைச் சந்தித்தார். அவரும் ஜெர்மன் அணியின் முன்னாள் தலைவர், உலகக் கிண்ணம் தூக்கியவர். அதற்குப் பத்திரிகைகளில் கண்டனம் வந்ததே இல்லை என்ற மாதிரி ஓசில் தன் அறிக்கையிலேயே சொல்கிறார். அந்த நாட்களில் விடிய விடிய கட்டை அவிழ்த்தவன் நான். முதல் பக்கத்தில் அப்படி ஒன்றும் வந்ததாக என் ஞாபகத்தில் இல்லை.

படத்துக்கு ஏசினால் ஏசட்டும். கொரியா அடித்த இரண்டு கோலையும் ஏன் அந்தப் படத்தின் கணக்கில் எழுத வேண்டும்?

வின்டர்தூர் ஜெயா:

சுவிஸிலும் இதே கூத்து. 2018 உலகக் கிண்ணத்தில் சேர்பியாவை 2–1 என்று வென்றபோது, அல்பேனியக் குடும்பங்களில் வந்த சுவிஸ் வீரர்கள் ஷக்காவும் ஷகிரியும் அல்பேனியக் கொடியில் உள்ள இரட்டைக் கழுகைக் கையால் காட்டினார்கள். ஃபீஃபா ஆளுக்கு 10,000 பிராங்க் தண்டம் போட்டது. இவர்கள் உண்மையில் சுவிஸ்காரர்தானா என்று பேப்பர் பேப்பராக விவாதம். ஷக்கா பிறந்தது பாசலில். அதே கழுகைக் காட்டிய மூன்றாவது ஆள், அணித்தலைவர் லிக்ஸ்டைனர். அவருக்கும் 5,000 பிராங்க் தண்டம். அவருக்கு அல்பேனியச் சம்பந்தம் ஒன்றும் இல்லை, அதனால் அவர் சுவிஸ்காரர்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

டெஸ்க்_மதுரை:

நான் மதுரையில் ஒரு நாளிதழில் 27 வருடம் டெஸ்கில் இருந்தவன். கடைசி எட்டு வருடம் விளையாட்டுப் பக்கம். உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஏஜென்சி செய்தி இரவு பதினோரு மணிக்கு மேல் வந்து விழும். மொழிபெயர்த்து, வெட்டி, தலைப்புப் போட்டுப் பக்கத்தை அனுப்ப இருபது நிமிடம் இருந்தால் அதிர்ஷ்டம். ஒரே செய்தியில் ஓசில், ஓசில், ஓசில் என்று ஆறு தடவை எழுதக் கூடாது என்பது சீனியர்கள் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. அதனால் இரண்டாவது தடவை 'நடுக்கள வீரர்', மூன்றாவது தடவை '29 வயது வீரர்'. நான்காவதுக்கு என்ன போடுவது? அங்கேதான் பூர்வீகம் வந்து உட்காரும். உங்கள் ஊர்ப் பத்திரிகையிலும் அனேகமாக இதுதான் நடந்திருக்கும். எதிரணிப் பையனுக்கு ஒரு அடைமொழி, உங்கள் பையனுக்கு இன்னொன்று வேண்டும், கைக்கு எட்டியது அது. எழுதியவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் எந்த நாளில் எது கைக்கு எட்டுகிறது என்பது இருக்கிறதே, அதில்தான் மாட்டிக்கொள்கிறோம். லுகாகு இதைப் பளிச்சென்று சொல்லியிருக்கிறார். ஆட்டம் நன்றாகப் போகும் நாளில் பத்திரிகையில் 'பெல்ஜிய முன்கள வீரர் லுகாகு', சரியாகப் போகாத நாளில் 'காங்கோ வம்சாவளி பெல்ஜிய முன்கள வீரர் லுகாகு'. அவர் பிறந்தது ஆன்ட்வெர்ப்பில். 2018 உலகக் கோப்பை சமயத்தில் அதை வாசித்துவிட்டு எங்கள் பழைய பக்கங்களை மனதுக்குள் புரட்டினேன். சுகமாக இல்லை.

தலைப்பில் வார்த்தை விளையாட்டு ஆசை என்று இன்னொரு வியாதி உண்டு. 2019 டிசம்பரில் இன்டர் – ரோமா ஆட்டத்துக்கு முந்தின நாள் இத்தாலியின் 'கொரியேரே டெல்லோ ஸ்போர்ட்' முதல் பக்கத்தில் இன்டரின் லுகாகு படமும் ரோமாவின் ஸ்மாலிங் படமும் போட்டு 'பிளாக் ஃப்ரைடே' என்று தலைப்புக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டம், இரண்டு கறுப்பு வீரர்கள், கடைகளில் தள்ளுபடி சீசன் அப்போதுதான் முடிந்திருக்கிறது. டெஸ்கில் யாரோ ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் 'பிரமாதம்' என்றிருப்பார்கள். நான் அங்கே இல்லை, ஆனால் அந்த அறை எனக்குத் தெரியும். உள்ளே இருவரையும் பாராட்டித்தான் எழுதியிருந்தது. ஆசிரியரும் விட்டுக்கொடுக்கவில்லை. ரோமாவும் ஏசி மிலானும் வருடக் கடைசி வரை அந்தப் பத்திரிகை நிருபர்களைப் பயிற்சி மைதானத்துக்குள் விடவில்லை. அதற்கு ஏழு வருடம் முன்னால், 2012 யூரோவில், 'கசெட்டா டெல்லோ ஸ்போர்ட்' தன் நாட்டு வீரர் பலோடெல்லியையே பிக்பென் மேல் ஏறிய கிங்காங்காக வரைந்து, பின்னால் வருத்தம் தெரிவித்தது.

ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கொல்கத்தாவில் நைஜீரியாவின் சிமா ஒகோரி ஆடிய காலத்தில் அவருக்கு நான் 'கறுப்புப் புயல்' என்று தலைப்புப் போட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. பாராட்டு என்றுதான் நினைத்தேன். பீலேயைக் 'கறுப்பு முத்து' என்று எழுதிப் பழகிய கை. அப்புறம் பிரேசிலின் பாரெட்டோ மோகன் பகானுக்கு வந்தார், வெளுத்த மனிதர். அவருக்கு 'மாயக்கால்' என்று போட்டேன். நிறம் எங்கே போயிற்று? ஒருவருக்குப் பலம், இன்னொருவருக்கு வித்தை. எனக்கு அது தெரியவே இல்லை, எங்கள் ஆசிரியருக்கும் தெரியவில்லை, வாசகர் கடிதம் ஒன்றும் வரவில்லை.

2020ல் இங்கிலாந்து வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து ஒரு டேனிஷ் நிறுவனம் 80 ஆட்டங்களின் தொலைக்காட்சி வர்ணனையை ஆராய்ந்தது. புத்திசாலித்தனத்துக்கான பாராட்டில் 62.6 சதவீதம் வெளுத்த தோல் வீரர்களுக்குப் போயிருந்தது. பலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் கறுத்த தோல் வீரர்கள் 6.59 மடங்கு அதிகமாக வந்தார்கள். பேப்பர் இல்லைதான், ஆனால் என் 'புயல்' அந்தக் கணக்கில் சரியாகப் பொருந்துகிறது.

சார், உங்கள் பையனிடம் ஒரு சிவப்புப் பேனா கொடுங்கள். செய்தியில் பூர்வீகத்தை அடித்துவிட்டு வாசிக்கட்டும். ஏதாவது புரியாமல் போகிறதா என்று பார்க்கட்டும். நான் டெஸ்கில் புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகுதான் புத்தி வருகிறது.

யோகா_எஸன்:

நான் இங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். நடைமுறையில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன், அண்ணா.

ஜெர்மன் பத்திரிகைச் சபையின் நெறிமுறையில் 12ஆவது பிரிவு, இனம், மதம் போன்றவற்றால் ஒருவரைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. அதன் கீழ் 12.1 குற்றச் செய்திகளுக்கானது. 2017 மார்ச்சில் அதைத் திருத்தி எழுதினார்கள்: நியாயமான பொதுநலன் இல்லாவிட்டால் இன, மத அடையாளத்தைப் பொதுவாகக் குறிப்பிடக் கூடாது. சிவப்பு அட்டை குற்றம் இல்லை, அதனால் 12.1 நேரடியாகப் பொருந்தாது. 12 என்று எழுதலாம். சபைக்கு யாரும் முறைப்பாடு அனுப்பலாம், காசு இல்லை. இலவச விளம்பரப் பத்திரிகையையும் அவர்கள் எடுப்பார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் சபைக்குப் போக முதல் அந்தப் பத்திரிகைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். கோபம் வேண்டாம், வக்கீல் பாஷையும் வேண்டாம். இரண்டு சிவப்பு அட்டை, ஒரு பூர்வீகம், ஏன் என்று கேட்டால் போதும். மகனே எழுதட்டும். நான் திருத்தித் தருகிறேன், ஆனால் அவனுடைய ஜெர்மன் என்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கும்.

அண்ணா, நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்கள் என்பது கடிதத்தில் வேண்டாம்.

ரூர்க்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. பேச்சு போன வியாழன் முடிந்தது. மதுரை ஐயாவின் சிவப்புப் பேனாவைத்தான் மகன் முதலில் எடுத்தான். வகுப்பில் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கிறான். ஒரு போலந்துப் பெடியன் எழும்பி, போடோல்ஸ்கியும் தன் தகப்பனும் ஒரே ஊரில் பிறந்தவர்கள், தகப்பனை மட்டும் வேலை இடத்தில் இன்றைக்கும் 'போலந்துக்காரன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னானாம். அதற்கு மகனிடம் பதில் இல்லை. நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடிதத்தையும் அவனே எழுதினான், ஆறு வரி. யோகா பிள்ளை இரண்டு காற்புள்ளி மட்டும் மாற்றினா. நான் அங்கே வேலை செய்வதை எழுத வேண்டாம் என்று சொன்னேன். எழுதிப் போட்டான். கடைசி வரி: 'உங்கள் பத்திரிகையை எங்கள் தெருவில் போடுகிறவர் என் அப்பா.' பயத்தில் எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை.

பதில் வரவில்லை. ஆனால் நேற்றுப் பத்திரிகை வந்தது, இந்த முறை போடுவதற்கு முதலே திறந்து பார்த்துவிட்டேன். சிவப்பு அட்டைத் தடை முடிந்து ஆடிய முதல் ஆட்டத்தில் இவன் இரண்டு கோல் அடித்தான். 'எங்கள் ஊர்ப் பெடியன்' என்று எழுதியிருக்கிறார்கள். பெயரில் இரண்டு எழுத்துப் பிழை.

ஒரு பிரதி நிலக்கீழ் அறைக்குப் போயிருக்கிறது.